பொற்றாளமும் வெண்கலத் தாளமும்

(நீலாய் வட்டார ஆலயமொன்றின் ஆண்டுத் திருவிழாவில், மூன்றாம் நாள் இரவுப் பூசைக்குப் பின் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

திருவிழா மேடையில் பேச வருகின்றவர்கள் வேதம், ஆகமம், புராணம் என்று பெரிய பொருள்களைப் பேசுவது வழக்கம். நிர்வாகக் குழுவினர் அடியேனை அழைத்தபோது, எதைப் பற்றிப் பேசலாம் என்று சில நாட்கள் எண்ணிப் பார்த்தேன். முடிவில், ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடுகின்ற மிகச் சிறிய பொருளொன்றைப் பற்றிப் பேசுவது என்று தீர்மானித்தேன். இதோ, என் கையில் இருக்கின்றது. நாகஸ்வர மேளத்தில் இதனைத் தாளம் என்கிறோம். பஜனையில் ஜால்ரா என்கிறோம். நூல்களில் கஞ்சதாளம் என்றும், நடுவே குழிந்திருப்பதால் குழித்தாளம் என்றும் வழங்குவர். இன்றிரவு இந்தத் தாளத்தைப் பற்றியே உங்களோடு சிறிது நேரம் உரையாட விரும்புகின்றேன்.

நம் முன்னோர் இசைக்கருவிகளை அவை ஒலிக்கும் முறையைக் கொண்டு வகுத்தனர். தோலால் போர்த்தப்பட்ட முழவு, தவில் போன்றவை தோற்கருவிகள். காற்றால் ஒலிக்கும் குழலும் நாகஸ்வரமும் துளைக்கருவிகள். யாழும் வீணையும் நரம்புக்கருவிகள். உலோகத்தால் ஆகி, மோதுவதால் ஒலிப்பவை கஞ்சக்கருவிகள். மனிதனின் குரலை மிடற்றுக்கருவி என்றனர். வடமொழியில் பரதமுனிவரின் நாட்டிய சாத்திரமும் கருவிகளை நான்காக வகுத்து, தாளத்தைக் கனவாத்தியம் என்னும் பிரிவில் வைத்துள்ளது. கனம் என்பது திண்மை. உள்ளே காற்றறையும் இல்லாமல், நரம்பும் தோலும் இல்லாமல், தன் உடம்பு முழுவதுமே ஒலியாகும் கருவி இது.

இது நேற்று வந்த கருவியும் அன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்கள் பையிலிட்டுச் சுமந்து செல்லும் கருவிகளை வரிசைப்படுத்திச் சொல்கிறது. அந்த வரிசையில் முழவும் யாழும் மட்டுமல்லாமல், உலோகத்தை உருக்கித் தகடாக்கிச் செய்த பாண்டில் என்னும் கருவியும் இடம்பெறுகின்றது. பாண்டில் என்பது நாம் இன்று சொல்லும் கஞ்சதாளமே. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, மலைவழியே நடந்து சென்ற ஏழைக் கலைஞர்களின் தோளில் இந்தச் சின்னஞ்சிறு கருவியும் பயணம் செய்திருக்கின்றது. பிற்காலத்தில் கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்கு வந்த நம் பாட்டன்மாரின் மூட்டையிலும் இது வந்தது. பெரிய கருவிகளைச் சுமந்து வர அவர்களுக்கு வசதி ஏது? இடுப்பு மடிப்பில் முடிந்துகொண்டு வரக்கூடியது தாளம் ஒன்றுதானே!

மெய்யன்பர்களே! தாளத்தைப் பற்றிப் பேசும்போது நம் நினைவுக்கு முதலில் வரவேண்டிய தலம் திருக்கோலக்கா. சோழநாட்டில், சீகாழிக்கு மிக அருகில் உள்ள பாடல் பெற்ற திருத்தலம் அது. கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் சீகாழியில் அவதரித்த திருஞானசம்பந்தப் பெருமான், மூன்று வயதில் உமையம்மையின் ஞானப்பால் உண்டு, முதல் திருப்பதிகத்தைப் பாடினார் என்பதை நாம் அனைவரும் அறிவோம். அதன்பின் அவர் சென்று வணங்கிய தலம் திருக்கோலக்கா. அங்கே அவர் தம் பிஞ்சுக் கைகளால் தாளமிட்டுக் கொண்டு பாடினார். பாடப்பாட அக்கைகள் சிவந்தன. அதனைக் கண்டு பொறாத இறைவன், திருவைந்தெழுத்துப் பொறித்த பொற்றாளங்களை அக்குழந்தைக்கு வழங்கினான் என்று, 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் பாடியருளினார். அத்தாளங்களைத் தலைமேல் கொண்டு வணங்கிய பிள்ளையார், தம் தந்தையார் சிவபாத இருதயரின் தோளில் அமர்ந்து சீகாழிக்குத் திரும்பினார். பிற்காலத்தில் அத்தலத்திற்கு வந்த சுந்தரமூர்த்தி சுவாமிகளும், ஞானசம்பந்தருக்குத் தாளம் கிடைத்த நிகழ்ச்சியைத் தம் திருக்கோலக்காப் பதிகத்திலேயே குறிப்பிட்டுள்ளார் என்பது கருதத்தக்கது.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அத்தலத்து இறைவனுக்குத் திருத்தாளமுடையார் என்று பெயர். சப்தபுரீசுவரர் என்றும் வழங்குவர். அம்பிகைக்கு ஓசைகொடுத்த நாயகி என்று பெயர். இறைவன் தாளத்தைக் கொடுத்தான் என்றால், அம்பிகை ஓசையைக் கொடுத்தாள் என்பது எதற்காக? தாளம் வந்தால் ஓசையும் கூடவே வந்துவிடாதா?

வராது! பொன் மிகமிக மென்மையான உலோகம். தூய பொன்னைத் தகடாக்கி ஒன்றோடொன்று மோதினால், மங்கலான ஒலி எழுந்து உடனே அடங்கிவிடும். மணியோசை போல நின்று ஒலிக்காது. அதனால்தான், இறைவன் தந்த பொற்றாளத்துக்கு அம்பிகை ஓசையைத் தந்தாள் என்று தலவரலாறு கூறுகின்றது. உலோகத்தின் குணம் அறிந்த மக்கள் சொல்லி வைத்த வரலாறு இது. பேச்சு வராத குழந்தைகளை அத்தலத்துக்கு அழைத்துச் சென்று வழிபடும் வழக்கம் இன்றும் உள்ளது. ஓசை என்பது தானாக வருவதன்று, அது ஓர் அருட்கொடை என்னும் எண்ணம் அந்த வழக்கத்துக்குள் இருக்கின்றது.

பொன்னுக்கு இல்லாத ஓசை வெண்கலத்துக்கு எப்படி வந்தது? இதற்கு விடை நாம் வாழும் இந்த மண்ணோடும் தொடர்புடையது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நல்ல தாளத்துக்கு உரிய வெண்கலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 78 முதல் 80 பங்கு செம்பும், 20 முதல் 22 பங்கு ஈயமும் இருக்கும். இங்கே ஈயம் என்று நான் சொல்வது வெள்ளீயத்தை. செம்பு தனித்து நின்றால் மென்மையானது, வளையும். வெள்ளீயம் அதனினும் மென்மையானது. 232 பாகை வெப்பத்திலேயே உருகிவிடும். செம்பு உருகுவதற்கோ 1,085 பாகை வேண்டும். இவ்விரண்டு மென்மையான உலோகங்களையும் தக்க அளவில் கலந்தால், இரண்டிலும் இல்லாத கடினமும் ஓசையும் பிறக்கின்றன. ஆனால் அந்தக் கடினத்துக்கு ஒரு விலையும் உண்டு. இவ்வகை வெண்கலம் குளிர்ந்த நிலையில் வளையாது, கீழே தவறவிட்டால் கண்ணாடி போல விரிசல் விடும். ஆகவேதான் கைத்தேர்ந்த கன்னார்கள் இதனைச் செந்தழலாகக் காய்ச்சிச் சூட்டோடு அடித்து, நீரில் தோய்த்துப் பதப்படுத்துவர். செம்பும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளையிலும் தாளம் செய்வதுண்டு. விலை குறைவு, எளிதில் உடையாது. ஆனால் அதன் ஓசை விரைவில் தேய்ந்துவிடும்.

அன்பர்களே! அந்த வெள்ளீயம் விளைந்த மண்ணிலேதான் நாம் அமர்ந்திருக்கின்றோம். இன்று சிரம்பான் என்று நாம் அழைக்கும் பகுதி, 19-ஆம் நூற்றாண்டில் சுங்கை ஊஜோங் என்ற பெயரில் ஈயச் சுரங்கங்களுக்குப் புகழ்பெற்றிருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், உலகிலேயே மிகுதியாக ஈயம் எடுத்த நாடு நம் நாடு. 1985-இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்த பிறகு சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஈயமும் ரப்பரும் இந்நாட்டை வளர்த்த இரு கைகள். ஒரு கையில் சீனத் தோழர்களின் வியர்வை மிகுதி, மறு கையில் நம் மக்களின் வியர்வை மிகுதி. இரு கைகளும் சேர்ந்தால்தானே தாளம்!

இனி, தாளம் ஒலிக்கும் இடங்களைப் பார்ப்போம். நம் ஆலயங்களில் முதலிடம் பெறுவது நாகஸ்வர மேளம். நாகஸ்வரம், தவில், ஒத்து, தாளம் ஆகிய நான்கும் சேர்ந்ததே பெரிய மேளம். இதில் தாளம் போடுபவர் பெரும்பாலும் வயதில் இளையவராக, குருவிடம் பயிலும் மாணவராக இருப்பார். அடுத்தது பரதநாட்டியம். ஆடுபவரை வழிநடத்தும் நட்டுவனார் கையில் இருப்பது தாளம். அதில் ஒரு தட்டு எஃகாலும் மற்றொரு தட்டு வெண்கலத்தாலும் அல்லது பித்தளையாலும் அமைந்திருக்கும். எஃகின் கூர்மையும் வெண்கலத்தின் இனிமையும் சேர்ந்து ஒலிப்பதால்தான், மிருதங்கமும் பாட்டும் முழங்கும் அரங்கிலும் ஆடுபவரின் செவிக்கு அது தனியே சென்று சேர்கின்றது. தஞ்சை நால்வர் வழியிலும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, வழுவூர் இராமையா பிள்ளை போன்ற நட்டுவனார் மரபுகளிலும் நாட்டியமே இந்தத் தாளத்தின் ஆணைக்கு உட்பட்டுத்தான் நடந்தது.

திருப்புகழ் வழிபாட்டில் தாளம் இல்லாமல் ஓரடியும் நகர முடியாது. 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதர் அமைத்த சந்தங்கள் எண்ணற்றவை. அவற்றின் பின்னலைச் சிக்கறுத்துக் காட்டுவது தாளமே. தென்பாண்டி நாட்டு வில்லுப்பாட்டில் குடம், உடுக்கையோடு ஜால்ராவும் சேரும். தெருக்கூத்தில் முகவீணையும் மிருதங்கமும் முழங்கத் தாளம் உடன் நிற்கும். கேரளத்துச் செண்டை மேளத்திலும் பஞ்சவாத்தியத்திலும் இலைத்தாளம் என்னும் கனத்த தாளங்கள் ஒலிக்கின்றன.

நம் நாட்டிலேயே பாருங்கள். சீனப் பெருநாளன்று நீலாய்க் கடைவீதியில் சிங்க நடனம் வரும்போது, பெருமுரசோடு சேர்ந்து அதிர்வது பெரிய தாளங்கள்தாம். கிளந்தான் மலாய் மக்களின் நிழற்கூத்தாகிய வாயாங் கூலிட்டில் கெசி என்னும் சிறு தாளம் உண்டு. துருக்கியின் கான்ஸ்டான்டிநோபிள் நகரில் 1623-இல் தாளம் செய்யும் தொழிலைத் தொடங்கிய சில்ஜியான் குடும்பத்தார், 1929-இல் அமெரிக்காவில் பட்டறை அமைத்து, இன்றும் உலகெங்கும் மேளக்காரர்களுக்குத் தாளம் செய்து வருகின்றனர். துருக்கியப் படையின் வாத்தியத்திலிருந்துதான் ஐரோப்பியரின் பெரிய இசைக்குழுக்களுக்குத் தாளம் சென்று சேர்ந்தது. அவர்களுடைய வெண்கலமும் ஏறத்தாழ நூற்றுக்கு 80 பங்கு செம்பும் 20 பங்கு ஈயமுந்தான். நாடு வேறு, மொழி வேறு, தெய்வம் வேறு. ஆனால் ஓசைக்கு உரிய கணக்கு ஒன்றே!

தாளம் போடுவது எளிது என்று பலர் நினைக்கின்றனர். இரண்டு தட்டுகளை மோதினால் ஓசை வருகிறது, இதில் என்ன கலை இருக்கிறது என்று கேட்கின்றனர். குழந்தைகளுக்குப் பயன்படும் என்பதால் சில நுட்பங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, தட்டைப் பிடிக்கக் கூடாது, கயிற்றைத்தான் பிடிக்க வேண்டும். உலோகத்தில் விரல் பட்டால் அதிர்வு அடங்கிவிடும். இரண்டாவது, இரு தட்டுகளையும் நேருக்கு நேராக ஒட்டி மோதக் கூடாது. அப்படி மோதினால் குழிவுக்குள் காற்று சிறைப்பட்டு, ஓசை செத்துவிடும். ஒரு தட்டின் விளிம்பு மற்றதன் விளிம்பைச் சற்றே சாய்வாகத் தொட வேண்டும். மூன்றாவது, திறந்த ஓசை என்றும் மூடிய ஓசை என்றும் இரண்டு உண்டு. மோதியவுடன் விலக்கினால் ஓசை நின்று நீளும். மோதியபடியே சேர்த்து வைத்தால் ஓசை உடனே அடங்கும். ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம். நான்கு ஒரு லகு, இரண்டும் இரண்டும் இரு துருதங்கள். கையால் போடும்போது தட்டு, விரல் எண்ணிக்கை, வீச்சு என்று பிரித்துக் காட்டுகிறோம் அல்லவா? தாளக் கருவியில் அந்த வேறுபாட்டைத் திறந்த ஓசையாலும் மூடிய ஓசையாலும் காட்ட வேண்டும். எந்த இடத்தில் ஒலிப்பது என்பதைப் போலவே எந்த இடத்தில் அடக்குவது என்பதும் தாளந்தான்.

நான்காவது, ஒரு சோடியில் உள்ள இரண்டு தட்டுகளும் முற்றிலும் ஒரே சுருதியில் இருப்பது அரிது. ஒன்று நொடிக்கு ஆயிரம் முறை அதிர, மற்றொன்று ஆயிரத்து நான்கு முறை அதிர்ந்தால், நம் செவியில் நொடிக்கு நான்கு அலைகள் எழுந்து விழுவதாகக் கேட்கும். நல்ல தாளத்தின் ஓசை தேயும்போது ஒருவகை அலைவோடு தேய்வது இதனால்தான். ஆகவே ஒரு சோடியைப் பிரித்து வேறொன்றோடு சேர்த்தால் அந்த அழகு கெட்டுவிடும்.

ஐந்தாவதும் முதன்மையானதுமாகிய நுட்பம், ஓடாமல் இருப்பது. பஜனையில் நாமாவளி விளம்பத்தில் தொடங்கிப் படிப்படியாகத் துரித காலத்துக்குச் செல்லும். பக்தி மேலிடும்போது பாடுபவர் ஓடுவார், மிருதங்கக்காரர் ஓடுவார், கைதட்டும் கூட்டமும் ஓடும். அப்போது ஓடாமல் நிற்க வேண்டியவர் ஒருவர் உண்டு என்றால் அவர் தாளக்காரரே. எப்போது வேகத்தைக் கூட்டுவது என்பதைத் தீர்மானித்து, அனைவரையும் ஒன்றாக அழைத்துச் செல்ல வேண்டியவரும் அவரே.

அன்பர்களே! இங்கேதான் அடியேன் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கின்றது. நம் பேச்சு வழக்கில் ஜால்ரா என்ற சொல் எப்படிப் பயன்படுகின்றது? பெரியவர்களுக்கு ஆமாம் சாமி போடுபவனை ஜால்ரா என்கிறோம். அரசியல்வாதிகளைத் திட்டவும் அச்சொல்லே, அலுவலகத்தில் ஒருவரைப் பழிக்கவும் அச்சொல்லே. அந்தச் சொல் என் இளமையில் ஏற்படுத்திய புண்ணை நான் மறக்கவில்லை.

என் தந்தையார் இந்த நீலாய் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய தொழிலாளி. படிப்பு அதிகம் இல்லை. தேவாரமும் திருவெம்பாவையும் செவி வழியாகவே கற்றவர். மார்கழி மாதம் முழுவதும் விடியற்காலை நான்கு மணிக்குத் தோட்டத்துக் கோயிலிலிருந்து பஜனை புறப்படும். ஒருவர் கையில் பெட்ரோமாக்ஸ் விளக்கு, ஒருவர் தோளில் ஆர்மோனியம், ஒருவர் இடுப்பில் மிருதங்கம், என் தந்தையார் கையில் இந்த ஜால்ரா. லயம் லயமாகச் சுற்றி வந்து, கோயிலில் தீபாராதனை முடிந்து, பொங்கல் வாங்கி உண்ட கையோடு பெரட்டுக் களத்துக்கு ஓடுவார்கள். பஜனைக்கு வந்ததற்காக யாருக்கும் ஒரு காசு கிடைத்ததில்லை. பெரட்டுக்குத் தாமதமாக வந்தால் தண்டலின் ஏச்சு மட்டும் கிடைக்கும்.

நான் பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குச் சென்ற காலத்தில், உடன் படித்த சிலர் என்னை ‘ஜால்ரா மகன்’ என்று கேலி செய்தனர். அதுவரை தந்தையாரின் பக்கத்தில் நின்று தாளம் பழகிக்கொண்டிருந்த நான், அன்றோடு அதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். தந்தையார் காரணம் கேட்டார். நான் சொல்லவில்லை. அவர் வற்புறுத்தவும் இல்லை.

அடுத்து வந்த மார்கழியில் ஒரு நாள் தந்தையாருக்குக் கடுமையான காய்ச்சல். விடியற்காலையில் பஜனைக்காரர்கள் வாசலில் வந்து நின்றனர். ‘தம்பி, இன்னைக்கு ஒருநாள் நீ போய்ட்டு வாப்பா’ என்று தாயார் ஜால்ராவை எடுத்து நீட்டினார். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். அவர்கள் தாளம் இல்லாமலே புறப்பட்டனர். மூன்றாவது லயத்தைத் தாண்டுவதற்குள் பாட்டு ஓடத் தொடங்கிவிட்டது. முன்னால் நடந்தவர்கள் ஓரடி முன்னே, பின்னால் வந்த பெண்கள் ஓரடி பின்னே. மிருதங்கம் எவரோடு போவது என்று தெரியாமல் தடுமாறியது. நான் படுக்கையில் கிடந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு மிக அருகில் வேறோர் ஓசை கேட்டது. அடுத்த அறையில் காய்ச்சலோடு கிடந்த என் தந்தையார், தம் விரல் மொட்டுகளால் பலகைச் சுவரில் தட்டிக்கொண்டிருந்தார். தப்பாத தாளம். வெளியே பாட்டு சிதறிக்கொண்டிருந்தது. உள்ளே அந்தத் தட்டல் மட்டும் ஒரே அளவில் சென்றது. யாருக்கும் கேட்காது என்று தெரிந்தும் தட்டிக்கொண்டிருந்தார்.

என்னால் அதற்குமேல் படுத்திருக்க இயலவில்லை. எழுந்து ஜால்ராவை எடுத்துக்கொண்டு இருட்டில் ஓடினேன். பஜனைக் கூட்டத்தைச் சென்று சேர்ந்து, மூன்று நான்கு முறை தட்டிய பிறகு, பாட்டு மெல்லமெல்ல ஒரு நிலைக்கு வந்தது. ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டு சரியாகச் செல்லும்போது தாளக்காரனை யாரும் பார்ப்பதில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். தாளம் போடுபவன் ஆமாம் சாமி போடுபவன் அல்லன். எல்லாரும் ஓடும்போது ‘நில்’ என்று சொல்பவன். அதைச் சொல்லால் சொல்லாமல், ஓசையால் சொல்பவன். ஜால்ரா என்ற சொல்லை இழிவாகப் பயன்படுத்துவதற்கு நமக்கு எந்த நியாயமும் இல்லை.

1990-ஆம் ஆண்டுகளில் இவ்வட்டாரத்துத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக விலைபோயின. பால்மரம் நின்ற மேடுகளில் புதிய நகரங்களும் தொழிற்பேட்டைகளும் கல்லூரிகளும் எழுந்தன. 1998-இல் பக்கத்துச் சிப்பாங்கில் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. எங்கள் தோட்டத்து மக்களும் லயங்களைவிட்டு வெளியேறினர். சிலர் நீலாயில், சிலர் சிரம்பானில், சிலர் கோலாலம்பூரில் என்று பஜனைக் குழுவும் சிதறியது. சாமான்களை லோரியில் ஏற்றியபோது ஒரு மூட்டையின் அடியில் சிக்கி, இந்தத் தாளத்தின் ஒரு தட்டில் விரிசல் விட்டது. முதுமையில் இருந்த என் தந்தையார் அதனைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் துணியில் சுற்றி வைத்துவிட்டார்.

அவர் மறைந்த பிறகு நான் அதனை ஒரு பட்டறைக்கு எடுத்துச் சென்றேன். அங்கிருந்த முதியவர், விரிசல் முடியும் நுனியில் மிகச்சிறிய துளை ஒன்று இட்டுத் தந்தார். அவ்வாறு செய்தால் விரிசல் மேலும் ஓடாது என்றார். புதிய தட்டு ஒன்று வாங்கிச் சேர்த்துவிடலாமா என்று கேட்டேன். ‘சேர்க்கலாம், ஆனா இது இதோட சோடி இல்லையே’ என்றார். அதோ, அந்தத் துளை இங்கே இருக்கின்றது. ஓசை முன்போல நீளவில்லை. ஆனாலும் ஒலிக்கின்றது. கேளுங்கள்.

(இவ்விடத்தில் தாளம் ஒலிக்கப்பட்டது.)

பெரியோர்களே! இதைச் சொல்லி உங்கள் கண்களைக் கலங்கச் செய்வது அடியேனின் நோக்கம் அன்று. சிதறிய தோட்டங்களிலிருந்து வந்த நாம் அனைவரும் இன்று இந்த ஆலயத்தில் ஒன்றாக அமர்ந்திருக்கின்றோம். ஆயினும் வெள்ளிக்கிழமை வழிபாட்டில் பாடுபவர்கள் எத்தனை பேர்? ஒலிபெருக்கியில் பதிவு செய்த பாடல் ஒலிக்கின்றது. தீபாராதனையின்போது பொத்தானை அழுத்தினால் மணியும் முரசும் தாளமும் ஒருசேர அடிக்கும் இயந்திரம் பல ஆலயங்களுக்கு வந்துவிட்டது. ஆள் இல்லாத நேரத்தில் பூசை தடையின்றி நடக்க அது உதவுகின்றது என்பதை நான் மறுக்கவில்லை. அந்த இயந்திரம் ஒருபோதும் ஓடாது, பிந்தாது. அதில் குற்றம் காண முடியாது. ஆனால் அது எவருக்காகவும் காத்திருக்காது. மூச்சு வாங்கப் பாடும் பாட்டிக்காகச் சற்றே தணியாது. முதன்முறையாகப் பாட வந்து தடுமாறும் குழந்தைக்கு இடம் கொடுக்காது. மனிதன் கையில் இருக்கும் தாளம் அதைச் செய்யும்.

நம் இளைஞர்களைக் குறை கூறவும் நான் விரும்பவில்லை. தைப்பூசத்தில் உறுமி மேளக் குழுக்களில் அவர்கள் காட்டும் ஆர்வத்தை நாடே பார்க்கின்றது. உறுமிக்கும் தவிலுக்கும் தோள்கொடுக்க இளைஞர்கள் போட்டி போடுகின்றனர். தாளத்தை ஏந்தத்தான் ஆள் குறைவு. அதில் பேர் இல்லை, பார்வை இல்லை என்று அவர்கள் கருதலாம். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே. இறைவன் திருஞானசம்பந்தப் பெருமானுக்கு முதலில் கொடுத்த கருவி யாழ் அன்று, முழவும் அன்று. திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழோடு வந்து சேர்ந்தது அதற்குப் பின்னர்தான். மூன்று வயதுக் குழந்தையின் கையில் முதலில் வந்தது தாளமே.

ஆகவே நிர்வாகக் குழுவினருக்கும் பெற்றோர்களுக்கும் அடியேனின் பணிவான விண்ணப்பம் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்கு முன்பு ஒரு மணி நேரத்தைப் பிள்ளைகளுக்காக ஒதுக்குங்கள். ஐந்து சோடித் தாளங்கள் போதும், அவற்றுக்குப் பெரிய செலவு ஆகாது. கயிற்றைப் பிடிப்பது எப்படி, ஓசையைத் திறப்பது எப்படி, அடக்குவது எப்படி, எட்டு எண்ணுவது எப்படி என்பதை இயன்றவரை நான் கற்றுத் தருகிறேன். தாளம் பழகிய பிள்ளை பதிகத்தைத் தானாகவே பாடும். தாளம் நின்ற இடத்தில் கூட்டம் சேரும். பதினைந்து மணித்துளிகள் மட்டுமேனும், வாரத்தில் ஒரு நாள், இயந்திரத்தை நிறுத்திவிட்டு நம் பிள்ளைகளின் கையால் அம்பாளுக்குத் தீபாராதனை நடக்கட்டும். முதல் சில வாரங்கள் தாளம் தப்பும், பாட்டு ஓடும். அம்பாள் பொறுத்துக்கொள்வாள். ஓசை கொடுத்தவளே அவள்தானே!

தாளத்தைப் பற்றி நீட்டி முழக்கிவிட்டேன். தாளக்காரன் நேரம் தவறக் கூடாது என்பதால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.  அம்பாளின் திருவருள் அனைவருக்கும் உரித்தாகுக!

வணக்கம்.

திருச்சிற்றம்பலம்.